விலைக்கு வாங்கிய பிறப்பு: அந்துவான் க்ரோஸாவின் வாழ்வும் அவரது கணக்கேடும்



இந்த ஆண்டின் நினைவுச் சொற்பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு பிரெஞ்சு வணிகரின் வாழ்க்கை. பெயர் அந்துவான் க்ரோஸா. ஏறத்தாழ 1655இல் துலூஸ் நகரில் பிறந்தார், 1738இல் பாரிசில் இறந்தார். பதினான்காம் லூயி மன்னரின் இறுதிக் காலத்தில் பிரான்சின் மிகப் பெரிய பணக்காரர்களுள் ஒருவர். வணிகக் குடும்பத்தில் பிறந்து ‘மார்க்கீ’ என்னும் பிரபுப் பட்டத்தோடு இறந்தவர்.

தலித் இலக்கிய மேடையில் ஒரு பிரெஞ்சுப் பணக்காரரின் கதை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிறப்பை வைத்து மனிதரை அளக்கும் சமூகத்தில் பணம் எதைச் செய்யும், எதைச் செய்யாது? நமக்குப் பழகிய கேள்வி இது. ‘படி, சம்பாதி, மேலே வா, மற்றதெல்லாம் தானாகப் போய்விடும்’ என்று நம் பிள்ளைகளுக்கு நாள்தோறும் சொல்லப்படுகிறது. தனி ஒருவர் மேலே போவதற்கும் மேல் கீழ் என்ற அடுக்கு உடைவதற்கும் என்ன தொடர்பு என்பதைச் சோதித்துப் பார்க்க க்ரோஸாவின் வாழ்க்கை நல்ல சான்று. அவர் போன அளவுக்கு மேலே போனவர்கள் குறைவு. அவர் எதன்மீது கால் வைத்து ஏறினார் என்பதற்கும் ஆவணங்கள் இருக்கின்றன.

அரசர் விற்ற சோப்பு

1789க்கு முந்தைய பிரான்ஸ் மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. முதலில் மதகுருமார், அடுத்து பிரபுக்கள், மூன்றாவதாக மற்ற எல்லோரும். உழவர், நெசவாளர், கூலிக்காரர், வக்கீல், வங்கியாளர் எல்லோரும் அந்த மூன்றாவது வகுப்பில் அடக்கம். பிரபுவாகப் பிறந்தவருக்கு வாள் அணியும் உரிமை உண்டு. ‘தாய்’ என்று அழைக்கப்பட்ட நேரடி வரியிலிருந்து விலக்கு உண்டு. அதே நேரத்தில் அவர் கடை வைத்துச் சில்லறை வணிகம் செய்தால், கைத்தொழில் செய்தால், பிரபுத்துவத்தை இழப்பார். உழைப்பு இரத்தத்தைக் கெடுக்கும் என்பதுதான் இதன் பொருள். நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் அரசருக்குப் பணம் வேண்டும். 1669இல் பதினான்காம் லூயி ஓர் ஆணை போட்டார்: கடல் வணிகம் செய்தால் பிரபுத்துவம் போகாது. 1701இல் மொத்த வணிகத்துக்கும் அதே சலுகையை நீட்டினார். பெரிய வணிகம் தூய்மையானது, சின்னக் கடை தீட்டானது என்று ஆயிற்று. சிறு கடைக்காரர் விற்ற அதே சர்க்கரையைக் கப்பல் கணக்கில் விற்றவருக்கு இழுக்கு இல்லை.

மறுபக்கம், பிரபுத்துவமே விற்பனைக்கு வந்தது. சில அரசுப் பதவிகளை விலைக்கு வாங்கி 20 ஆண்டுகள் வகித்தால், அல்லது பதவியிலேயே இறந்தால், குடும்பம் பரம்பரைப் பிரபுக் குடும்பமாகிவிடும். ‘அரசரின் செயலர்’ என்ற பதவி இதில் பெயர்பெற்றது. பெயருக்குத்தான் செயலர், வேலை எதுவும் பெரிதாகக் கிடையாது. அக்காலப் பிரெஞ்சு மக்கள் இத்தகைய பதவிகளுக்கு வைத்த கேலிப்பெயர் ‘இழிபிறப்பாளருக்கான சோப்பு’. பிறப்பில் ஒட்டிய அழுக்கைக் கழுவ அரசர் விற்கும் சோப்பு!

1696இல் இன்னும் வெளிப்படையாக, 500 பிரபுத்துவப் பத்திரங்களைத் தலா 6,000 லீவ்ரு விலையில் அரசர் விற்பனைக்கு வைத்தார். 1715இல், 1689 தொடங்கி விற்கப்பட்ட இத்தகைய பத்திரங்கள் செல்லாது என்று ஆணை வந்தது. பணம் திரும்பவில்லை, பிறப்பு மட்டும் திரும்பிவிட்டது.

இந்த விற்பனைக்கு உண்மையில் பணம் கட்டியவர் யார்? ‘தாய்’ வரி பெரும்பாலான பகுதிகளில் ஊர்வாரியாக மொத்தத் தொகையாக விதிக்கப்பட்டது. ஊருக்குள் யார் எவ்வளவு கட்டுவது என்பதை ஊரே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஊரின் பணக்காரர் பிரபுத்துவம் வாங்கி வரிப்பட்டியலிலிருந்து வெளியேறினால், அவர் பங்கு மிச்சமிருக்கும் உழவர்களின் தலையில் விழும். ஒருவர் மேலே போகப் போக, கீழே இருப்பவர்களின் சுமை கூடும். தனிமனித முன்னேற்றம் மற்றவரைப் பாதிக்காத சொந்த விஷயம் என்று நம்புகிறவர்கள் இந்த வரிப்பட்டியலைப் பார்க்க வேண்டும்.

பிரபுத்துவம் கடைச்சரக்கானபோது பழைய பிரபுக்கள் என்ன செய்தார்கள்? பிறப்பை இன்னும் உயரத்தில் தூக்கி வைத்தார்கள். க்ரோஸாவின் சமகாலத்தவரான பூலான்வில்லியே என்ற பிரபு ஒரு கொள்கையை எழுதிவைத்தார். பிரபுக்கள் வெற்றிகொண்ட பிராங்கு இனத்தின் வாரிசுகள், மற்றவர்கள் தோற்றுப்போன கோல் மக்களின் வாரிசுகள், ஆகவே உரிமை வெற்றியிலிருந்தும் இரத்தத்திலிருந்தும் வருகிறது என்பது அதன் சாரம். சந்தையில் விலை போகும் பொருளுக்கு, விற்க முடியாத புனிதக் கதை ஒன்று தேவைப்பட்டது. படிநிலைச் சமூகங்களில் பணப்புழக்கம் கூடும்போது பிறப்புப் பெருமை தானாகக் குறைவதில்லை என்பதற்கு இது முக்கியமான சான்று.

ஏணியின் படிகள்

க்ரோஸாவை ஏழ்மையிலிருந்து எழுந்தவராகச் சித்திரிப்பது சரியல்ல. அவரது தந்தை துலூஸில் வங்கியாளர். ‘காப்பித்தூல்’ எனப்படும் நகர நிர்வாகப் பதவியை வகித்தவர். அப்பதவியே சட்டப்படி பிரபுத்துவம் தரக்கூடியது. ஆனால் நகராட்சிப் பதவி வழியாக வரும் பிரபுத்துவத்தை ‘மணிக்கூண்டுப் பிரபுத்துவம்’ என்று மேல்தட்டினர் ஏளனம் செய்தார்கள். சட்டம் ஏற்றுக்கொண்டாலும் சமூகம் ஏற்கவில்லை. அரசவைச் செய்திகளை எழுதிவைத்த சேன்-சிமோன் பிரபு போன்றவர்களின் பார்வையில் க்ரோஸா கடைசிவரை பணக்காரக் கீழ்மகன்தான்.

இளம் வயதில் பென்னோத்தியே என்ற நிதியாளரிடம் க்ரோஸா வேலை செய்தார். லாங்குடோக் மாகாணத்தின் கருவூலமும் திருச்சபையின் வரிவசூலும் பென்னோத்தியேயின் கையில் இருந்தன. அங்கே தொழில் கற்ற க்ரோஸா பின்னர் போர்தோ பகுதியின் தலைமை வரிவசூலாளர் பதவியை வாங்கினார். இந்தப் பதவி எப்படி இயங்கியது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். மக்களிடமிருந்து வசூலான வரி உடனே அரசருக்குப் போகாது. சில மாதங்கள் வசூலாளரின் கையில் இருக்கும். அவசரத்தில் இருக்கும் அரசருக்கு அவர் முன்பணம் தருவார், அதற்கு வட்டி வாங்குவார். அரசருக்குச் சேர வேண்டிய பணத்தையே அரசருக்குக் கடனாகக் கொடுத்து வட்டி சம்பாதிக்கும் வழி அது.

அடுத்த படி கடல். 1697இல் பிரெஞ்சுக் கப்பற்படை தென்னமெரிக்கக் கரையில் ஸ்பானியரின் கார்த்தகேனா நகரைக் கொள்ளையிட்டது. தனியார் முதலீட்டில் நடந்த அந்தக் கொள்ளையில் க்ரோஸாவுக்குப் பங்கு இருந்தது. 1698இல் தொடங்கப்பட்ட சான்-டொமாங்க் கம்பெனியின் இயக்குநர்களில் அவரும் ஒருவர். இன்றைய ஹெய்த்தி நாட்டின் தென்பகுதியில் தோட்டங்களை உருவாக்குவது அந்தக் கம்பெனியின் நோக்கம்.

மனிதரைப் பின்னமாக்கிய கணக்கு

1701இல் ஸ்பானிய அரசு தன் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு ஆப்பிரிக்க அடிமைகளை அனுப்பும் முழு உரிமையைப் பிரெஞ்சுக் கினி கம்பெனிக்குக் கொடுத்தது. ‘அசியெந்தோ’ என்பது ஒப்பந்தத்தின் பெயர். க்ரோஸா அதன் முன்னணி நிதியாளர்களில் ஒருவர். பத்தாண்டுகளில் 48,000 ‘பியேசா’ என்பது ஒப்பந்தத் தொகை. பிரெஞ்சு மன்னருக்கும் ஸ்பானிய மன்னருக்கும் லாபத்தில் தலா கால் பங்கு.

‘பியேசா’ என்பது மனிதர்களின் எண்ணிக்கை அல்ல, அளவு. நல்ல உடல்நிலையும் குறிப்பிட்ட உயரமும் கொண்ட இளவயது ஆண் ஒருவர் ஒரு பியேசா. குழந்தை, முதியவர், நோயாளி ஆகியோர் அதன் பின்னங்கள். இரண்டு மூன்று பேரைச் சேர்த்து ஒன்று அல்லது இரண்டு என்று எழுதுவார்கள். ஆகவே 48,000 என்ற எண்ணுக்குப் பின்னால் அதைவிடக் கூடுதலான மனிதர்கள் இருக்கிறார்கள். ஒரு மனிதர் முழு மனிதராகக்கூட எண்ணப்படாத கணக்கேடு இது. அந்தக் கணக்கேட்டின் வரவுப் பக்கத்திலிருந்துதான் க்ரோஸா தன் பிறப்பைத் திருத்தி எழுதினார்.

1685இல் வந்த ‘கறுப்புச் சட்டம்’ பிரெஞ்சுத் தீவுகளில் அடிமையை அசையும் சொத்தாக அறிவித்திருந்தது. பிரான்சுக்குள் பதவியும் பட்டமும் பணத்தால் கைமாறிய அதே காலத்தில், கடலுக்கு அப்பால் தாயின் அடிமைநிலை பிள்ளைக்கும் வந்து சேரும் என்ற சட்டம் கல்லில் எழுதப்பட்டது. பிறப்பின் விதி மேல்தட்டில் நெகிழ நெகிழ, அடித்தட்டில் இறுகியது. ஒன்றன் செலவை மற்றொன்று தாங்கியது.

1712 செப்டம்பர் 14 அன்று லூசியானா முழுவதன் வணிக உரிமையையும் 15 ஆண்டுகளுக்குப் பதினான்காம் லூயி க்ரோஸாவுக்கு வழங்கினார். மிசிசிப்பி ஆற்றுப்படுகையின் பெரும்பரப்பு ஒரு தனிமனிதரின் வணிகக் களமாயிற்று. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நாச்செஸ், சொக்தா முதலிய மக்களை யாரும் கேட்கவில்லை. ஆண்டுக்கு ஒரு கப்பலைக் கினிக் கரைக்கு அனுப்பி அடிமைகளைக் கொண்டுவரும் உரிமையும் அந்தப் பத்திரத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. எதிர்பார்த்த வெள்ளிச் சுரங்கம் கிடைக்கவில்லை, ஸ்பானியரோடு வணிகமும் கைகூடவில்லை. 1717இல் உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். க்ரோஸாவுக்கு அது நட்டக்கணக்கு, அவ்வளவுதான். அவரது காலத்தில் 1716இல் நாச்செஸ் மக்களின் நிலத்தில் ஒரு கோட்டை எழுந்தது. 1729இல் அம்மக்கள் அதை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். பிரெஞ்சுப் படை அவர்களை ஒடுக்கி, பிடிபட்ட சில நூறு பேரை சான்-டொமாங்க் தீவுக்கு அடிமைகளாக விற்றது. வணிகர் நட்டத்தை எழுதி ஏட்டை மூடிவிடலாம். நிலத்தை இழந்தவருக்கு அந்த வசதி இல்லை.

நம் கரையிலிருந்து போன துணி

இந்தக் கணக்கில் நம் கரையும் வருகிறது. 1700களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கையில் காசின்றித் தவித்தது. தன் வணிக உரிமையைத் தனியாருக்குக் குத்தகைபோல் விட்டது. அப்படி இந்தியக் கடலுக்குக் கப்பல் அனுப்பும் அனுமதி பெற்றவர்களில் க்ரோஸாவும் சேன்-மாலோ நகர வணிகர்களும் உண்டு.

புதுச்சேரிச் சுற்றுவட்டாரத்தில் நெய்து நீலச்சாயம் தோய்த்த துணிக்கு வெளிநாட்டுச் சந்தையில் ‘கினி’ என்றே பெயர். மேற்கு ஆப்பிரிக்கக் கரையின் பெயரே துணிக்குப் பெயராகிவிட்டது. ஏனென்றால் அங்கே பண்டமாற்றில் அது நாணயம்போலப் புழங்கியது. சோழமண்டலக் கரையின் துணி, அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் மனிதர்களுக்கு ஈடாகக் கைமாறிய பொருட்களில் முக்கியமானது. நூற்றவரும் நெய்தவரும் சாயத்தொட்டியில் நின்றவரும் வாங்கிய கூலி எவ்வளவு, அந்தத் துணியைக் கொடுத்து வாங்கப்பட்ட மனிதரின் விலை எவ்வளவு என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் பாரிசின் மாளிகைகளைப் புரிந்துகொள்ள முடியாது.

துணி மட்டும் போகவில்லை. 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து மொரீசியசுக்கும் ரெயூனியனுக்கும் தமிழ் நிலத்தின் மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். ஆட்களை ஏமாற்றிப் பிடித்து விற்றதைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலேயே குறிப்பு இருக்கிறது.

தங்கக் கட்டி மருமகள்

க்ரோஸா 1707இல் தன் மகள் மரி-ஆனை எவ்ரே பிரபுவுக்கு மணம் முடித்தார். மாப்பிள்ளை பிரான்சின் மிக உயர்ந்த குடும்பங்களில் ஒன்றான பூயோன் குடும்பத்துப் பிள்ளை, கடன்காரர். மணமகளுக்கு வயது 12. சீதனம் சுமார் 20 இலட்சம் லீவ்ரு. மாமியார் அந்தச் சிறுமியை ‘என் சின்னத் தங்கக் கட்டி’ என்று அழைத்ததாக அக்காலத்துப் பேச்சு. பெயர் சொல்லிக்கூட அல்ல, எடை சொல்லி அழைத்தார்கள். தம்பதி சேர்ந்து வாழவில்லை. 1729இல் அவர் இளம் வயதிலேயே இறந்தார். தந்தையின் ஏற்றத்தில் முதலில் செலவழிக்கப்பட்ட சொந்த இரத்தம் அந்தச் சிறுமிதான். பிறப்பின் மேன்மை எந்தச் சமூகத்தில் விலைக்கு வந்தாலும் பெண்ணின் உடல் வழியாகத்தான் அது பரிமாறப்படுகிறது என்பதை அம்பேத்கர் சாதியின் தோற்றம் பற்றிய 1916ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே அகமண விதியின் வழியாக நமக்குக் காட்டியிருக்கிறார்.

1715இல் அரசருக்குக் கடன் கொடுத்த கைம்மாறாக, ‘தூய ஆவி’ வீரர் அணியின் பொருளாளர் பதவி க்ரோஸாவுக்குக் கிடைத்தது. அந்த அணியின் வீரராக வேண்டுமானால் தலைமுறைகளின் பிரபுத்துவச் சான்று வேண்டும். பொருளாளருக்கு அது தேவையில்லை, ஆனால் நீலப் பட்டையை அவரும் அணியலாம். பழம்பிரபுக்கள் கொதித்தார்கள். பிரெத்தான் பகுதியில் ஒரு பெரும் பண்ணையை வாங்கி ‘மார்க்கீ து ஷாத்தெல்’ ஆனார். ஆனாலும் 1716இல் நிதியாளர்களை விசாரிக்க நீதிமன்றம் கூடியபோது, அவர்மீது விதிக்கப்பட்ட தொகை 66 இலட்சம் லீவ்ரு. பதவியும் பட்டையும் அவரைக் காக்கவில்லை. அதே நேரத்தில் அந்த விசாரணை உழவரின் வரியையோ அடிமையின் விலங்கையோ தொடவும் இல்லை. அது மேல்தட்டுக்குள் நடந்த பங்குச் சண்டை.

அடுத்த தலைமுறையில் எல்லாம் மறந்துபோயிற்று. மகன்கள் மார்க்கீ, பாரன் என்று பட்டம் தாங்கினார்கள். பேத்தி ஒருவர், பதினைந்தாம் லூயியின் அமைச்சரான ஷ்வாசெல் பிரபுவை மணந்தார். குடும்பத்தின் ஓவியத் தொகுப்பை 1772இல் ரஷ்யப் பேரரசி காத்தரின் வாங்கினார், அதன் பல ஓவியங்களை இன்றும் எர்மித்தாஜ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். எவ்ரே பிரபு 1718 முதல் 1722 வரை பாரிசில் கட்டிய மாளிகை, இன்று பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் வாழும் எலிசே மாளிகை. அதன் அடித்தளத்தில் க்ரோஸா மகளின் சீதனம் இருக்கிறது.

ஏணியும் அடுக்கும்

பிரெஞ்சுப் பிரபுத்துவமும் சாதியும் ஒன்றல்ல, அதை நாம் தெளிவாகச் சொல்ல வேண்டும். அங்கே அரசர் பிறப்பை விற்க முடிந்தது, இரண்டு தலைமுறையில் பழையது மறைந்தது. சாதியில் அந்தச் சோப்பை விற்கும் அதிகாரம் எந்த அரசருக்கும் இருக்கவில்லை. காசும் கல்வியும் கொண்ட தலித் குடும்பத்துக்கு வாடகை வீடு மறுக்கப்படுகிறது. தீண்டாமையையும் அடிமைமுறையையும் ஒப்பிட்டு எழுதிய அம்பேத்கர் இந்த வேறுபாடுகளில் கவனமாக இருந்தார். 1873இல் ‘குலாம்கிரி’ நூலை, அடிமைமுறை ஒழிப்புக்குப் போராடிய அமெரிக்க மக்களுக்கு ஜோதிராவ் புலே காணிக்கையாக்கினார். இரண்டையும் ஒன்று என்று சொல்லாமலே இரண்டையும் சேர்த்துப் படித்த மரபு நம்முடையது.

அப்படிச் சேர்த்துப் படிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. க்ரோஸாவைப் போல ஏறியவர்கள் பிரபுத்துவத்தை ஒழிக்கவில்லை. ஏன் ஒழிப்பார்கள்? அத்தனை காசு கொடுத்து வாங்கிய பொருளின் மதிப்பு குறைவதை யார் விரும்புவார்? புதிதாகச் சேர்ந்தவர் ஒவ்வொருவரும் அந்த அடுக்குக்குப் புதிய காவலரானார். அதை ஒழித்தது வேறு கூட்டம். 1789இல் கிராமங்களில் உழவர்கள் பிரபுக்களின் கோட்டைகளுக்குள் புகுந்து உரிமைப் பத்திரங்களைக் கொளுத்தினார்கள். 1790 ஜூன் 19 அன்று பரம்பரைப் பிரபுத்துவம் சட்டப்படி ஒழிந்தது.

ஆனால் அதே புரட்சி அவை அடிமைமுறையைக் கைவைக்கவில்லை. சான்-டொமாங்கில் 1791 ஆகஸ்டில் அடிமைகள் தாமே கிளர்ந்தெழுந்த பிறகுதான், 1794 பிப்ரவரி 4 அன்று பாரிஸ் அதை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் மீண்டும் கொண்டுவந்தார். சான்-டொமாங்க் மக்கள் அவரது படையைத் தோற்கடித்து 1804 ஜனவரி 1 அன்று ஹெய்த்தி என்ற சுதந்திர நாட்டை அறிவித்தார்கள். 1825இல் அந்த நாட்டின்மேல் பிரான்ஸ் 15 கோடி பிராங்கு இழப்பீடு சுமத்தியது. அடிமைகள் தம் விடுதலைக்காகத் தம் பழைய எசமானர்களுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. க்ரோஸாவின் கணக்கேடு அவர் இறந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகியும் மூடப்படவில்லை என்று இதைப் படிக்கலாம்.

மாணவ நண்பர்களே, நம் பிள்ளைகள் படிக்க வேண்டும், பொருள் சேர்க்க வேண்டும், அதிகாரத்துக்கு வர வேண்டும். இதில் நமக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது. ஆனால் ‘ஒருவர் முன்னேறினார்’ என்ற கதையை யார் சொன்னாலும், அவர் வெளியேறிய வரிப்பட்டியலில் மிச்சமிருப்பவர் யார் என்று கேட்போம். அவர் ஏறியதால் அடுக்கு தளர்ந்ததா இறுகியதா என்று கேட்போம். கார்த்தகேனாவிலும் கினிக் கரையிலும் பின்னங்களாக எழுதப்பட்டவர்களுக்கு க்ரோஸாவைப் போல வாழ்க்கை வரலாறு கிடையாது. அவர்களை முழு எண்ணாக்கி எழுதுவது வரலாறு படிக்கும் நம் வேலை. நம் ஊர்ப் பண்ணைக் கணக்குகளிலும் அடிமைச் சாசனங்களிலும் அப்படிக் காத்திருப்பவர்கள் பலர். அந்த ஏடுகளிலிருந்து நாம் தொடங்குவோம்.